வேமோ ஓட்டுநரில்லா டாக்சி: எதிர்பாராத தடைகளின் முன்

சான் பிரான்சிஸ்கோவில் 2024 ஜூன் முதல் எவரும் அழைக்கக்கூடிய வேமோ ஓட்டுநரில்லா டாக்சியில் சென்றபோது, நான் உன்னிப்பாகக் கவனித்தது, சாலையில் திடீரென எதிர்ப்படும் தடைகளை அது கையாளும் விதத்தையே. தடத்தை மறித்து நின்ற சரக்கு வேனுக்குப் பின்னால் வேகத்தைக் குறைத்த கார், எதிர்த்தடம் காலியாகும்வரை பொறுத்திருந்து சுற்றிச் சென்றது. வேனின் மறைவிலிருந்து மிதிவண்டி ஒன்று வெளிப்பட்டபோது, நான் அதைக் காணும் முன்பே கார் நின்றுவிட்டது. வேமோ பயன்படுத்தும் ஜாகுவார் ஐ-பேஸ் காரில் பொருத்தப்பட்ட 29 கேமராக்களும், ரேடார்களும், இருட்டிலும் லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார்களும் எல்லாத் திசைகளையும் ஒருசேரப் பார்ப்பதன் பயன் இது.

ஆனால் பார்ப்பது வேறு, பார்த்ததன் தன்மையைச் சரியாக மதிப்பிடுவது வேறு. 2024 மே மாதம் ஃபீனிக்ஸ் நகரச் சந்து ஒன்றில், பயணி இல்லாத வேமோ கார் மரக் கம்பத்தில் மோதியது. கம்பத்தில் மோதினால் சேதம் குறைவே என்று மென்பொருள் கணித்திருந்தது. அதனால் 672 கார்களின் மென்பொருள் திருத்தப்பட்டது. சங்கிலிகள், வாயிற்கதவுகள் ஆகியவற்றில் மோதியதற்காக 2025-இல் இன்னொரு திருத்தமும் அறிவிக்கப்பட்டது. குழந்தையுடன் ஏறுபவர்கள் இவற்றை அறிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். நகரத் தெருக்களில் இச்சேவையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். சங்கிலியிட்ட வளாகமானால், வெளியே தெருவிலேயே இறங்கிக்கொள்வேன்.