“அவரவருக்கு அவரவர் சரி” சரிதானா? ஒரு மாலை வகுப்பு

மட்டக்களப்பு புளியந்தீவில், ஒரு பங்கு மண்டபத்தில் நடந்த கத்தோலிக்க அறநெறி வகுப்புக்கு ஆறு வியாழன் போய்வந்தேன். கட்டணம் இல்லை. பிளேன்டீயும் தந்தார்கள்.

பாடத்துக்கு அடிப்படை, பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1993இல் வெளியிட்ட ‘வெரித்தாத்திஸ் ஸ்ப்ளெண்டோர்’ (உண்மையின் ஒளி) சுற்றுமடல், அதாவது போதனைக் கடிதம். நோக்கம் நல்லது என்பதற்காகக் கெட்ட செயல் நல்லதாகிவிடாது. இதிலேயே இரண்டு கிழமை போனது.

மூன்றாம் கிழமை ஒரு தம்பி, “அவரவருக்கு அவரவர் சரிதானே ஃபாதர்?” என்றான். பின்வரிசை அக்கா ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “2019 உயிர்த்த ஞாயிறு, சீயோன் தேவாலயத்தில குண்டு வெடிக்க வைச்சவனுக்கும் அது சரியாத்தான் பட்டிருக்கும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிட்ட போய் இதைச் சொல்லுவீங்களா தம்பி?”

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். ஃபாதரும் உடனே விளக்கம் சொல்ல வரவில்லை; அது எனக்கு மிகவும் பிடித்தது. அப்புறம்தான், மனச்சாட்சியும் தவறலாம், அதற்காகத் தீமை நன்மையாகாது என்று மெதுவாகத் தொடங்கினார்.

குறை என்றால், அந்த மனச்சாட்சிப் பகுதியை ஒரே மாலையில் ஓட்டிவிட்டார்கள். அதற்கு இரண்டு மாலையாவது வேண்டும். தந்த தாள்களில் எழுத்தும் பொடி. மறுபடி நடந்தால் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.