கண்புரை ஆபரேஷனோடு சிலிண்டர் பவரும் போய்விடும் என்றால் கொஞ்சம் நில்லுங்கள்

முப்பது வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவள் நான். கண்தான் சோறு போட்டது. அதனால், மூன்று வருஷத்துக்கு முன் வலது கண்ணில் புரை முற்றியபோது காசு பார்க்காமல் பெரிய கண் மருத்துவமனைக்கே போனேன். பெயர் வேண்டாம், வக்கீல் போடக்கூடாது என்கிறார்.

டாக்டர் பார்த்தது இரண்டு நிமிஷம். மீதி நேரமெல்லாம் கவுன்சிலர் பெண்தான். "உங்களுக்கு ஒன்னே முக்கால் சிலிண்டர் இருக்கும்மா. லேசர் பேக்கேஜ் எடுத்தா அதையும் சேர்த்து சரி பண்ணிடுவாங்க. படிக்க மட்டும் கடையில விக்கிற கண்ணாடி போதும், லைஃப் லாங்." கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடிப் படலமான கார்னியா ஒரு திசையில் மட்டும் கூடுதலாக வளைந்திருந்தால் பார்வை மங்கும், அதைச் சரிசெய்யும் பவர்தான் சிலிண்டர். லேசர் என்றால் கத்தியே கிடையாதாம். சாதா ஆபரேஷனைவிட 42,000 ரூபாய் அதிகம். இன்சூரன்ஸ் சாதா ரேட்டுக்குத்தான் கொடுத்தது. மிச்சத்துக்கு வளையல் போனது.

லேசர் செய்வது கீறல் போடுவது, லென்ஸ் உறையை வட்டமாக வெட்டுவது, புரையைத் துண்டாக்குவது. அதை உறிஞ்சி எடுப்பதும் புது லென்ஸ் வைப்பதும் டாக்டர் கைதான். பிரான்ஸில் ஐந்து பல்கலைக்கழக மருத்துவமனைகள் இரண்டு முறையையும் ஒப்பிட்டு 2020ல் வெளியிட்ட ஆய்வில், லேசர் சாதா முறையைவிட மேல் என்று தேறவில்லை. இதெல்லாம் பிற்பாடு படித்தது.

சிலிண்டருக்கு அவர்கள் செய்தது கார்னியா ஓரத்தில் வில் மாதிரி இரண்டு வெட்டு. வளைவு அதிகமான திசை அதனால் தளரும். எவ்வளவு தளரும் என்பது ஆளுக்கு ஆள் வேறு, குறைவாகவே நின்றுவிடுவதும் உண்டு. என் அளவுக்கு, சிலிண்டர் பவரையும் தன்னிலேயே வைத்திருக்கும் டோரிக் லென்ஸ் என்று ஒன்றைக் கண்ணுக்குள் வைப்பார்களாம். அந்த வார்த்தையையே அங்கே யாரும் உச்சரிக்கவில்லை. அதிலும் வில்லங்கம் உண்டு: லென்ஸ் ஒரு டிகிரி திரும்பினால் சுமார் 3 சதவீதப் பலன் போகும், 30 டிகிரி திரும்பினால் பலனே இல்லை. ஆனால் இரண்டையும் சொல்லிவிட்டல்லவா பணம் கேட்க வேண்டும்?

கட்டுப் பிரித்துச் சில வாரம் கழித்து ஜன்னலைப் பார்க்கிறேன். குறுக்குக் கம்பி பளிச்சென்று இருக்கிறது, நெடுக்குக் கம்பி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நிழல். கடைக் கண்ணாடி போட்டுப் படித்தால் 'ர' எது, துணைக்கால் எது என்று தடுமாற்றம். "செட்டில் ஆகும்மா" என்றார்கள். ஆறாம் மாதமும் அதே பதில். போன மாதம் போனால், "வயசாச்சுல்ல, கார்னியா மாறும்."

வயதோடு மாறும்தான், பொய்யில்லை. ஆனால் அது மெல்ல மெல்ல நடப்பது.

வேறொரு டாக்டர்தான் ஃபைலைக் கேட்டு வாங்கச் சொன்னார். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. மூன்று வருஷம்தான் வைத்திருக்கும் கட்டாயம், ஆகவே தள்ளிப் போடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்குக் கெடு இரண்டே வருஷம். "செட்டில் ஆகும்" என்பதை நம்பியே எனக்கு அது தாண்டிவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனு போட்டிருக்கிறோம். ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்: டோரிக்கா, வெட்டா, ஏன்? சிலிண்டர் மிச்சம் நின்றால் யார் செலவு? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஃபைல் வந்தது. இன்றைய சிலிண்டர் அளவு 1.25, ஆக்சிஸ், அதாவது அதன் திசை, 90. ஆறாவது வாரத்துப் பக்கத்தைப் புரட்டினேன்: 1.00, அதே ஆக்சிஸ். அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அதற்குக் கீழே 'பேஷண்ட் ஹேப்பி' என்று எழுதி டிக் அடித்திருக்கிறார்கள்.