ஈத்தூண்டில் கட்டுபவர்களே, அந்த வரிச் சேவல் கழுத்தை வாங்காதீர்கள்

நான் ஏமாந்து மூன்று மாதம் ஆகிறது. வீட்டில்கூட முழுக்கதையைச் சொல்லவில்லை. மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி ‘ஈ’ என்கிற போலிப் பூச்சி செய்கிறவன் என்ற பெயரே போதும், அந்த இறகிலும் ஏமாந்தவன் என்ற பெயர் எதற்கு என்று இருந்துவிட்டேன். சென்ற வாரம், இந்த வேலையில் புதிதாக இறங்கியிருக்கும் நண்பர் ஒருவர் அதே விற்பனையாளரிடம் அதே பொருளைப் பார்த்துவைத்திருப்பதாகச் சொன்னார். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது பாவம்.

எனக்கு ஆடம்ஸ் என்ற ஈயைக் கட்ட ஆசை. 1922இல் அமெரிக்காவின் மிச்சிகனில் லெனர்ட் ஹாலடே கட்டிய ஈ அது. சாம்பல் நிற உடல், கழுத்தில் பழுப்புச் சேவலிறகும் கறுப்பு வெள்ளை வரிச் சேவலிறகும் சேர்த்துச் சுற்றியது. பழுப்பு இறகு என்னிடம் இருந்தது. வரிச் சேவலின் கழுத்துத் தோல்தான் இல்லை. இணையத்தில் தேடியபோது ஒன்று அகப்பட்டது: ‘முதல் தரம், மிதக்கும் ஈக்கு ஏற்றது, 14, 16 எண் முள்ளுக்குப் பொருந்தும்’. கூடவே ஒரு வைஸும் (கட்டும்போது முள்ளைக் கவ்விப் பிடிக்கும் கருவி) ஒரு பாபினும் (நூல்கண்டைத் தாங்கி, சிறு குழாய் வழியே நூலை விடும் கருவி) இலவசம். இலவசம் என்ற சொல்லைப் பார்த்த இடத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும்.

புதியவர்களுக்காக ஒரு விளக்கம். ட்ரை ஃப்ளை என்கிற மிதக்கும் ஈ தண்ணீர்மேல் நிற்பதே கழுத்தில் சுற்றிய ஹேக்கிள் என்ற இறகால்தான். முள்ளைச் சுற்றி நாலாபுறமும் விறைத்து நிற்கும் இழைகளின் நுனிகள் நீரின் மேற்பரப்பில் ஊன்றிக்கொள்கின்றன. அதற்கு இழை வில்போல வளைந்து நிமிர வேண்டும். தண்டை ஒட்டி மங்கலாக, பஞ்சுபோல ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதி மிகக் குறைவாக இருக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீரைக் குடிப்பது அதுதான். இந்தக் குணத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகச் சேவல்களைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டைக்கோழியின் இறகு மென்மையானது. மூழ்கும் ஈக்கு அருமை, மிதக்கும் ஈக்கு ஆகாது.

பொட்டலம் வந்தது. ஒளி ஊடுருவும் உறை, நான்கு பக்கமும் ஒட்டி, மேலே ஒரு பெரிய அட்டை. அட்டை மறைத்திருந்தது சரியாகத் தோலின் மேற்பகுதியை, அதாவது 14, 16 எண் முள்ளுக்கான சின்ன இறகுகள் இருக்க வேண்டிய இடத்தை. (எண் கூடக் கூட முள் சிறுக்கும், இந்தத் தலைகீழ்க் கணக்கு பழக எனக்குச் சில நாள் ஆனது.) பிரித்துப் பார்த்தால் அங்கே இறகே இல்லை. வெட்டியெடுத்த தோலின் விளிம்பு மட்டும் இருந்தது.

இருப்பதில் சிறியதாக ஒன்றைப் பிடுங்கி முள்ளோடு அளந்தேன். முள்ளின் தண்டுக்கும் முனைக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இழை நீளம் இருந்தால் சரி. இதுவோ மூன்று மடங்கைத் தாண்டியது. போகட்டும், பெரிய முள்ளில் கட்டலாம் என்று 10ஆம் எண்ணை எடுத்தேன். இலவச வைஸின் தாடை முள்ளைப் பிடித்தது. நூலை இழுத்ததும் மெதுவாகத் தலைகுனிந்தது. இறுக்கினேன். உள்ளே முள் பள்ளம் பறித்துக்கொண்டது. தாடை அவ்வளவு மென்மையான உலோகம். பாபின் அதற்கு மேல். ஆறாவது சுற்றில் நூல் அறுந்தது, மறுபடி கோத்தேன், நான்காவதில் அறுந்தது. என் கையைத்தான் முதலில் திட்டினேன். பிறகு காது குடையும் பஞ்சுக்குச்சியை அந்தக் குழாயின் வாயில் விட்டுச் சுழற்றியபோது பஞ்சு இழை இழையாக மாட்டிக்கொண்டு வந்தது. குழாயின் விளிம்பு ரம்பம்போல் இருந்திருக்கிறது. பாபின் வாங்கினால் முதல் வேலையாக இந்தப் பஞ்சுச் சோதனையைச் செய்துவிடுங்கள், அரை நிமிட வேலை.

என் பழைய வைஸிலும் பழைய பாபினிலும் ஒருவழியாகக் கட்டி முடித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டேன். சற்று நேரம் நின்றது. பிறகு ஒரு பக்கம் சாய்ந்து, யாரோ கீழிருந்து இழுப்பதுபோல நிதானமாக அடிக்குப் போய் உட்கார்ந்தது. அது போன வழியெல்லாம் மெல்லிய புகைக்கோடு. தண்ணீர் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

அந்தக் கறுப்பு வரிகள் மை! வெள்ளைக் கோழியின் கழுத்தில் யாரோ உட்கார்ந்து வரி வரைந்திருக்கிறார்கள். இயற்கையான வரி, சற்று வெளிறினாலும், இறகின் பின்பக்கத்திலும் தெரியும். இதைத் திருப்பிப் பார்த்தால் வெறும் வெள்ளை. ஈரமான வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்திருந்தால் முதல் நாளே விடை தெரிந்திருக்கும். வரைந்தவருடைய பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் ஒரு வியப்பு உண்டு. அந்தப் பொறுமைக்கு அவரே நல்ல ஈ கட்டலாம்.

விற்பனையாளருக்குப் படங்களோடு எழுதினேன். இரண்டு வரியில் பதில்: ‘உறை பிரிக்கப்பட்டதால் திரும்பப் பெற இயலாது. இறகு இயற்கைப் பொருள், நிறத்தில் வேறுபாடு இருக்கும்.’ பிரிக்காமல் பார்க்க முடியாதபடி ஒட்டிவிட்டு, பிரித்தால் பொறுப்பில்லை என்பது எந்த ஊர் நியாயம்? மறுபடி எழுதினேன். அதற்கு வந்த பதில் இன்னும் மோசம். நட்டத்தை ஈடுகட்ட, அரிய காட்டுப் பறவையின் இறகைச் சலுகையில் தருகிறாராம், ‘ஆவணம் எல்லாம் தேவைப்படாது’ என்றும் ஒரு குறிப்பு. 2009இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்களைத் திருடியவர் ஈ கட்டுவதில் தேர்ந்த ஓர் இளைஞர். நம்முடைய இந்தச் சாதுவான பொழுதுபோக்கின் பின்புறத்தில் அப்படி ஓர் இருட்டும் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத இறகைத் தொடாதீர்கள். நான் அத்தோடு எழுதுவதை நிறுத்திக்கொண்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. அந்தத் தோலைத் தூக்கியெறிய மனம் வராமல், மூழ்கும் ஈக்காவது ஆகட்டும் என்று என் இறகுப் பெட்டியில் வைத்தேன். ஐந்து வாரம் கழித்துத் திறந்தபோது என் நல்ல பழுப்புக் கழுத்தின் இறகுகள் தொட்டதும் கையோடு வந்தன. அடியில் மணல்போலத் துகள், சிலந்தி நூல்போல ஒரு படலம், அதற்குள் நெளியும் வெள்ளைப் புழு. அந்துப்பூச்சி. இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்தது, முயல் ரோமம் உட்பட, எல்லாவற்றிலும் பாதி போய்விட்டது. மை பூசிய இறகைப் புழு அவ்வளவாகத் தொடவில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன். அதற்குக்கூடத் தரம் தெரிந்திருக்கிறது.

தப்பியவை ஃபெசன்ட் என்ற பறவையின் வாலிறகுகளும் செம்புக் கம்பிச் சுருளும். வாலிறகு தனி உறையில் இருந்ததால் பிழைத்தது. இப்போது அவற்றை வைத்து ஃப்ராங்க் சாயரின் நிம்ஃப் (நீருக்குள் வாழும் இளம் பூச்சியைப் போன்ற மூழ்கும் ஈ) மட்டும் கட்டுகிறேன். ஆங்கில ஆற்றுக் காவலரான அவர் நூலே இல்லாமல் செம்புக் கம்பியாலேயே கட்டினார். பாபின் தேவையில்லை என்பது இப்போதைக்கு எனக்குப் பெரிய ஆறுதல்.

அதே படத்தோடு அதே பொருள் இன்றும் விற்பனையில் இருக்கிறது, ‘கடைசி ஒன்று மட்டுமே’ என்ற வரியோடு. நான் வாங்கியதும் கடைசி ஒன்றுதான். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் உறையைப் பிரிப்பதை முதல் வெட்டிலிருந்து வீடியோ எடுங்கள். பிரித்ததை உங்கள் மற்ற இறகுகள் இருக்கும் அறைக்கே கொண்டுபோகாமல், காற்றுப் புகாத பையில் இட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். இரண்டு நாள் வெளியே வைத்து, மறுபடி ஒரு வாரம் உள்ளே வையுங்கள். பைமேல் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் நான் எழுதாமல் வைத்து, அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.