இரும்பு தோசைக்கல்லா, நான்ஸ்டிக் தவாவா? தராசுல வச்சுப் பாத்தேன்

எங்க வீட்ல ரெண்டும் இருக்கு, ரெண்டுக்கும் கட்சியும் இருக்கு. அம்மா இரும்புக் கல்லு கட்சி, வீட்டுக்காரி நான்ஸ்டிக் கட்சி, நான் நடுவுல சட்னி அரைக்கிற ஆளு. "இரும்பு சூட்டை நல்லா பரப்பும்டா, அதான் தோசை மொறுமொறுன்னு வருது"ன்னு அம்மா சொல்லுவாங்க, நானும் ரொம்ப நாளா அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன்.

உண்மை என்னன்னா சூட்டைப் பரப்புறதுல இரும்பு படுமோசம். நான்ஸ்டிக் தவாவோட உள்ளுக்குள்ள இருக்குறது அலுமினியம், அது வார்ப்பு இரும்பை விட மூணு நாலு மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும். சந்தேகம்னா அவசரத்துல ஃபுல்லா தீயை வச்சு இரும்புக் கல்லுல ஊத்திப் பாருங்க, பர்னர் வளையம் எங்க இருக்கோ அங்க மட்டும் கருகி ஓரமெல்லாம் வெள்ளையா இருக்கும். அதனால தான் அதை சின்ன தீயில பத்து நிமிஷம் சும்மா காய விடணும். காலைல எட்டு மணி ஆபீஸ்காரனுக்கு இந்தப் பத்து நிமிஷம் பெரிய விஷயம், இதுல நான்ஸ்டிக்குக்கு தான் என் ஓட்டு.

அப்புறம் ஏன் இரும்புல முறுகல் வருது? கிச்சன் தராசுல ரெண்டையும் வச்சேன். கல்லு 2.4 கிலோ, நான்ஸ்டிக் 700 கிராம். விஷயம் இங்க தான். ஒரு கரண்டி மாவு ஊத்தி தோசை வேகுறதுக்குள்ள ஒரு 25 கிராம் தண்ணி ஆவியாப் போகுதுன்னு வைங்க, ஒரு கிராம் தண்ணி ஆவியாக கிட்டத்தட்ட 2,260 ஜூல் வேணும், மொத்தம் 56 கிலோஜூல் ஆச்சு. அடுப்பு உதவியே இல்லாம கல்லே இதைக் குடுக்கணும்னா இரும்புக் கல்லு சுமார் 50 டிகிரி இறங்கும், அந்த நான்ஸ்டிக் 90 டிகிரி இறங்கிடும். நிஜத்துல கீழ தீ எரியுறதால இவ்ளோ இறங்காது, ஆனா வித்தியாசம் புரியுதுல்ல? கிராமுக்கு கிராம் பாத்தா அலுமினியம் தான் இரும்பை விட ரெண்டு மடங்கு சூட்டைப் பிடிச்சு வைக்கும், ஆனா கல்லு கனமா இருக்குறதால ஜெயிக்குது. அம்மா சொன்ன ரிசல்ட் கரெக்ட், காரணம் தான் தப்பு (இதை அவங்ககிட்ட சொல்லல).

சூடு பாக்குற டெக்னிக்கும் கல்லுக்கு தான் செட் ஆகும். நாலு சொட்டு தண்ணி தெளிச்சா சொய்ய்ங்னு உடனே ஆவியாகணும். சொட்டு பாதரசம் மாதிரி உருண்டு ஓடுச்சுன்னா கல்லு ரொம்ப காஞ்சு போச்சுன்னு அர்த்தம், சொட்டுக்கு அடியில ஒரு ஆவி மெத்தை உருவாகி அதைத் தூக்கிப் பிடிக்குது, 1756-ல லைடன்ஃப்ராஸ்ட்னு ஒரு ஜெர்மன் டாக்டர் இதை விவரமா எழுதி வச்சதால அவர் பேர்லயே வழங்குது. அந்தச் சூட்டுல மாவை ஊத்தினா தொட்ட இடத்துலயே வெந்துடும், கரண்டியைச் சுத்தினா கரண்டியோடவே சுருண்டு வந்துடும். ஹோட்டல்ல மாஸ்டர் தண்ணியை வீசி விளக்குமாத்தால தள்றது சுத்தத்துக்கு மட்டும் இல்ல, ஒரு கை தண்ணியே கல்லோட சூட்டை நல்லா உறிஞ்சிட்டுப் போயிடும்.

ஒட்டாம இருக்குற கதை வேற. நான்ஸ்டிக்ல மேல பூசியிருக்குறது டெஃப்லான், 1938-ல ராய் பிளங்கெட்னு ஒரு அமெரிக்க கெமிஸ்ட் தற்செயலா கண்டுபிடிச்சது. எதுவும் ஒட்டாது, அதனாலயே சூடான தவால மாவும் பிடிமானம் இல்லாம வழுக்கும், கொஞ்சம் ஆறின தவால தான் தேய்க்க வரும். சும்மா காய விட்டா 260 டிகிரி தாண்டினதும் பூச்சு கெட ஆரம்பிக்கும், அதான் கல்லு மாதிரி அதைக் காய வைக்கவே கூடாது. பழக்கின கல்லுல இருக்குறதும் ஒரு வகை பிளாஸ்டிக் தான்: வெங்காயத்தை வெட்டி எண்ணெய்ல தொட்டுத் தேய்க்கத் தேய்க்க அந்த எண்ணெய் சூட்டுல ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு கருப்பா ஒரு படலமா பிடிச்சுக்கும். நான் ஒரு தடவ உதவி பண்றேன்னு கம்பி நாரும் சோப்பும் போட்டு பளபளன்னு தேய்ச்சு வச்சேன். அன்னைக்கு ராத்திரி ஏழு தோசை பிஞ்சு போய் கடைசில எல்லாருக்கும் உப்புமா.

டெஃப்லான் சுரண்டுப்பட்டா தவாவைத் தூக்கிப் போட வேண்டியது தான். கல்லுல போனது எண்ணெய் தேய்ச்சு தேய்ச்சு மூணு வாரத்துல திரும்பி வந்துடுச்சு. இப்ப முட்டை, ஆம்லெட்டுக்கு நான்ஸ்டிக். முறுகல்னா கல்லு, அதுவும் நாலு பேருக்கு மேல சாப்பிட உக்காந்தா யோசிக்கவே வேணாம்.