வி.ஆர். ஹெட்செட்டா, கடற்கரை ஒத்திகையா? எங்கள் அணி எடுத்த முடிவு

போன வருடம் திருகோணமலை மாவட்டத்தில் இருக்கும் எங்கள் முதலுதவித் தொண்டர் அணிக்கு வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் சிலர் காசு சேர்த்து அனுப்பினார்கள். அதை வைத்து இரண்டில் ஒன்றைத்தான் செய்யலாம். வழக்கம்போல உப்புவெளிக் கடற்கரையில், பலர் காயப்பட்டுக் கிடப்பதுபோல நடிக்க வைத்துப் பழகும் பெரிய ஒத்திகை வைக்கலாம், ஐம்பது பேருக்குச் சாப்பாடு, வாகனக்கூலி, பந்தல் என்று அதற்கே சரியாகிவிடும். இல்லையென்றால் இரண்டு வி.ஆர். ஹெட்செட் வாங்கலாம், கண்ணை மூடி மாட்டினால் விபத்து இடத்துக்குள்ளேயே நிற்கிற மாதிரிக் காட்டும் கருவி அது. ஹெட்செட்தான் வாங்கினோம், எட்டு மாதம் ஓடிவிட்டது. மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் இதே கேள்வியோடு கூப்பிடுகிறார்கள், அதனால் எல்லாருக்குமாக ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

பேச்சே தேவையில்லாததை முதலில் முடிக்கிறேன். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் பயிற்சிக்குப் பொம்மைதான் வேண்டும். 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, இது உள்ளங்கையும் தோளும் படிக்க வேண்டிய பாடம், வெறும் காற்றை அழுத்தி அது வராது. கட்டுப் போடுவது, ஸ்ட்ரெச்சர் தூக்குவது, தண்ணீருக்குள் இருந்து ஆளை இழுத்தெடுப்பது எல்லாம் அப்படித்தான். தீயணைப்புக்காரருக்கு ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபிளேம் ட்ரெய்னர் போன்ற கருவிகள் இருக்கின்றன, குழாயின் உதைப்பையும் நெருப்பின் சூட்டையும் உடம்பிலேயே உணர வைக்கும். ஆனால் எங்களைப் போன்ற சின்ன அணி வாங்குகிற சாமான் இல்லை அது.

எங்களுக்கு இடித்தது ட்ரியாஜ். இருபது பேர் ஒன்றாக விழுந்து கிடக்கும்போது யாரை முதலில் பார்ப்பது என்று தரம் பிரிக்கிற வேலை. 1983இல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் உருவான ஸ்டார்ட் முறையைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம்: சிவப்பு என்றால் உடனே பார்க்க வேண்டும், மஞ்சள் அதற்கு அடுத்தது, பச்சை காத்திருக்கலாம், கறுப்பு என்றால் இனிக் காப்பாற்ற முடியாதவர். எழுந்து நடக்கிறவருக்குப் பச்சை. மூச்சு இல்லையென்றால் தலையைச் சாய்த்து மூச்சுவழியைத் திறந்து பார்க்க வேண்டும், அப்போதும் வராவிட்டால் கறுப்பு, வந்தால் சிவப்பு. மூச்சு நிமிடத்துக்கு 30க்கு மேல் போனால் சிவப்பு, நகத்தை அழுத்தி விட்டபிறகு நிறம் திரும்ப 2 செக்கனுக்கு மேல் ஆனால் சிவப்பு, கையைப் பிடிக்கச் சொல்லி அதைச் செய்ய முடியாதவருக்கும் சிவப்பு, மிச்சப் பேருக்கு மஞ்சள். ஓர் ஆளுக்கு ஒரு நிமிடம்கூடச் செலவழிக்கக் கூடாது. தாளில் பரீட்சை வைத்தால் எங்கள் அணியில் எல்லாரும் நூற்றுக்கு நூறு எடுப்பார்கள்.

இந்த மாவட்டத்தில் இது ஏன் முக்கியம் என்று இங்கே இருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2004 சுனாமி கிண்ணியா ஆஸ்பத்திரியையே அடித்துப்போட்டது. 2021 நவம்பர் 23 காலையில் குறிஞ்சாக்கேணியில் பாதை (ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகும் மிதவை) கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தபோது ஊர்ச்சனம்தான் தண்ணீரில் குதித்தது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் வந்து சேரும்வரைக்கும் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் எங்கள் பயிற்சி முழுவதும்.

சரி, ஒத்திகையில் என்ன குறை? ஒன்றே ஒன்றுதான், ஆனால் எனக்கு அது போதும். மூன்று வருடத்தில் மூன்று ஒத்திகை வைத்தோம், ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்று. ஒரு சுற்றில் முதல் ஆளாக உள்ளே போய் முடிவெடுக்கிறவர் ஒருவர்தான், மற்றவர்கள் ஸ்ட்ரெச்சரோடு காத்து நிற்பார்கள். மொத்தம் ஆறு பேர் அந்த இடத்தில் நின்றிருக்கிறார்கள். அணியில் பதினெட்டுப் பேர். அதாவது பன்னிரண்டு பேர் ஒரு தடவைகூட அப்படி நிற்காமலேயே ‘பயிற்சி பெற்றவர்’ அட்டையைக் கழுத்தில் போட்டிருந்தார்கள். இரண்டாவது சுற்றில் நின்றவருக்குக்கூட, பூவரச மரத்தடியில் கிடக்கிறவர் கறுப்பு, படகுக்குப் பக்கத்தில் இருக்கிற அக்கா சிவப்பு என்று முதல் சுற்றைப் பார்த்தே தெரிந்திருந்தது.

ஹெட்செட்டில் ஒரு முறைக்கு எட்டு நிமிடம், கழற்றியபிறகு ஐந்து நிமிடம் பேச்சு. சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணித்தியாலத்தில் இரண்டு ஹெட்செட்டிலுமாக இருபது முறைக்குக் குறையாமல் போகும், அப்படியென்றால் பதினெட்டுப் பேரும் கிழமைக்கு ஒரு தடவை தனியாக அந்த இடத்தில் நிற்கிறார்கள். ஆட்கள் கிடக்கிற இடமும் காயமும் ஒவ்வொரு தடவையும் மாறும்.

கிண்ணியாத் தம்பி ஒருவரின் முதல் நாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கவிழ்ந்த பஸ் காட்சி. அவர் பார்ப்பதெல்லாம் பக்கத்தில் இருந்த டிவியிலும் தெரியும். காலைப் பிடித்துக்கொண்டு கத்துகிற ஒருவரிடம் போய் முழங்காலில் இருந்தவர், மூன்றரை நிமிடம் அங்கேயே இருந்துவிட்டார். அவருக்குப் பின்னால், பஸ் சக்கரத்தில் சாய்ந்தபடி ஒரு பெண், சத்தமே இல்லை, நெஞ்சு மட்டும் வேகமாக ஏறி இறங்குகிறது. தம்பி தலையைத் திருப்பவேயில்லை. கழற்றியபிறகு பதிவைப் போட்டுக் காட்டினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம், “அண்ணா, இன்னொருக்கா போடலாமா?” என்று கேட்டார். கடற்கரையில் அப்படிக் கேட்டால் அடுத்த வருடம் பார்ப்போம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆறாவது முறை அவர் உள்ளே போனதும் வாயில் வந்த முதல் வார்த்தை, “நடக்கக்கூடிய ஆக்கள் எல்லாரும் இந்தப் பக்கம் வாங்கோ!” நான் கண்ட மாற்றம் இதுதான், இதற்காகத்தான் ஹெட்செட் பக்கம் நிற்கிறேன்.

மொழி ஒரு தலையிடியாக இருந்தது. மென்பொருளில் காயப்பட்டவர்கள் ஆங்கிலத்தில் அழுகிறார்கள். சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு, எங்கள் அக்கா ஒருவரைப் பக்கத்தில் கதிரையில் இருத்தினோம். டிவியைப் பார்த்தபடி, “தம்பி, என்ர பிள்ளையைப் பாருங்கோ, மூச்சு விடுறானில்ல” என்று அவர் குரல் கொடுப்பார். சிங்களமும் நன்றாகப் பேசுவார், இடையில் அதிலும் கூப்பிடுவார். படத்தைவிட அந்தக் குரலுக்குத்தான் பிள்ளைகளின் கை நடுங்குகிறது.

பராமரிப்பில் கவனம் வேண்டும். ஒரு ஹெட்செட்டை லென்ஸ் மேலே பார்க்க யன்னலோரம் வைத்துவிட்டோம், வெயிலை லென்ஸ் குவித்து உள்ளே திரையில் புள்ளி புள்ளியாகச் சுட்டுவிட்டது, அது திரும்ப வராது. கழற்றியதும் பையில் போட்டு மூட வேண்டும். கச்சான் காற்று வீசும் வெக்கைக் காலத்தில் முகப்பஞ்சு வியர்வையில் ஊறிவிடும், துடைக்கக்கூடிய சிலிக்கன் உறை வாங்குங்கள். பட்டரி இரண்டு மணித்தியாலம் அளவில்தான் நிற்கும், பவர் பேங்க் தேவை. தலைச்சுற்றலும் உண்டு, கடலில் பழகிய ஒருவருக்கே வந்தது. கண் நகர்கிறது, உடம்பு நின்ற இடத்தில் நிற்கிறது, அதுதான் காரணம். பொத்தானை அழுத்தி வழுக்கிக்கொண்டு போகாமல், இரண்டு மீற்றர் சதுரத்துக்குள் காலால் நடக்கிற மாதிரி அமைத்தபிறகு குறைந்தது.

இதெல்லாம் உண்மையான இடத்தில் எவ்வளவு கைகொடுக்கும் என்பதில் என் அனுபவம் மெல்லியது. இந்த எட்டு மாதத்தில் எங்கள் ஆட்கள் போனதெல்லாம் ஒற்றை மோட்டார்சைக்கிள் விபத்துகளுக்கு, ட்ரியாஜ் செய்யும் அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை, நடக்கவும் வேண்டாம். சனம் சுற்றி நின்று கையைப் பிடித்து இழுப்பது, அம்புலன்ஸ் ஆட்களிடம் ஒப்படைப்பது, இரத்த வாடை, இவை ஹெட்செட்டில் இல்லை. ஒத்திகையை நாங்கள் கைவிடவில்லை, இரண்டு வருடத்துக்கு ஒன்று என்று ஆக்கியிருக்கிறோம், முதல் ஆளாக யார் போவது என்பது அன்று காலையில் சீட்டுக் குலுக்கித்தான் தெரியும். பொம்மைகூட இல்லாத அணி என்றால் முதலில் பொம்மை வாங்குங்கள், ஹெட்செட் அப்புறம்.

இப்போது இரவல் வாங்கிய 360 பாகைக் கமரா ஒன்றால் குறிஞ்சாக்கேணிக் கரையைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறோம், பஸ்ஸுக்குப் பதிலாக எங்கள் படகுத்துறையே காட்சியில் வரட்டும் என்று. குரலுக்குத் தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவதாக அக்கா சொல்லியிருக்கிறார்.