வகுப்பறைக் காற்று: சுத்திகரிப்பானா, எக்ஸாஸ்ட் ஃபேனா?

கடந்த பங்குனியில் எங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவனுக்குச் சின்னம்மை கண்டது. இரண்டு, மூன்று வாரங்களுக்குள் அதே அறையைச் சேர்ந்த பல பிள்ளைகள் வேப்பிலைப் படுக்கையில் இருந்தார்கள். சின்னம்மை, தட்டம்மை, காசநோய் ஆகியவை காற்றின் வழியே பரவுகின்றன என்று பாடம் நடத்தும் நாங்களே, நாற்பது பேர் அமரும் அறையின் சன்னல்களை நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சலுக்கும் கொசுவுக்கும் அஞ்சிச் சாத்தி வைத்திருந்தோம். காட்பாடியை அடுத்த எங்கள் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் அப்போது இரண்டு யோசனைகள் எழுந்தன: அறைதோறும் நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டியுள்ள காற்றுச் சுத்திகரிப்பான், அல்லது சன்னல்களைத் திறந்துவைத்து எதிர்ச்சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன். முன்னாள் மாணவர்கள் அளித்த சுத்திகரிப்பான் ஒன்றை ஓராண்டு பார்த்திருந்த நான் இரண்டாவதன் பக்கம் நின்றேன்.

சுத்திகரிப்பானின் திறனில் குறை சொல்வதற்கில்லை. 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிப்பதே ஹெப்பாவுக்கான அளவுகோல். ஆனால் 24 அடி நீளமும் 20 அடி அகலமும் 10 அடி உயரமும் கொண்ட எங்கள் அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 136 கன மீட்டர். மணிக்கு 300 கன மீட்டர் தூய காற்றைத் தரும் கருவி அதை இரண்டு முறைக்குச் சற்று அதிகமாகவே சுத்திகரிக்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-இல் பரிந்துரைத்தது மணிக்குக் குறைந்தது ஐந்து முறை. ஆக, அறைக்கு மூன்று கருவிகள் வேண்டும். கரியமில வாயுவையோ அவை குறைப்பதே இல்லை. மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளையில் கண் சொருகுவதற்குச் சோற்றை மட்டும் பழிக்கக் கூடாது.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். பாலாற்றுப் புழுதியும் சாலைத் தூசும் சாக்பீஸ் துகளும் சேர்ந்து முன்வடிகட்டியை இரண்டு வாரத்தில் போர்வைபோல் மூடிவிடும். அதைக் கழுவலாம்; உள்ளிருக்கும் ஹெப்பாவைக் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும். கருவி வாங்க நன்கொடை தரும் அன்பர்கள், ஆண்டுதோறும் வடிகட்டி வாங்கித் தர முன்வருவதில்லை. சில்லறைச் செலவுக் கணக்கில் அதற்கு இடமும் இல்லை. எங்கள் கருவியில் வடிகட்டியை மாற்றச் சொல்லும் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியபின் ஐந்து மாதம் அப்படியே ஓடியது. ஐப்பசி மழையில் ஈரம் ஏறிய அந்த வடிகட்டியை வெளியே எடுத்தபோது பூசண நாற்றம் அடித்தது. யாருக்கும் தெரியாமல் கெட்டுப்போவதுதான் அதன் பெரிய குறை. எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றால் கடைசி பெஞ்சு மாணவனே சொல்லிவிடுவான். எலக்ட்ரீஷியன் அன்றைக்கே வந்து சரிசெய்துவிடுவார். ஃபேனைச் சுத்தம் செய்ய ஒட்டடைக் கொம்பும் ஈரத்துணியும் போதும்.

12 அங்குல ஃபேனின் பெட்டியில் மணிக்கு ஆயிரம் கன மீட்டர் என்று போட்டிருந்தாலும், கொசுவலை அடித்த சன்னல் வழியே காற்று வர வேண்டியிருப்பதால் பாதியையே கணக்கில் கொண்டேன். அப்படியும் இரண்டு ஃபேன்கள் மணிக்கு ஏழு முறை காற்றை மாற்றும். சன்னலைச் சாத்திவிட்டு ஃபேனை ஓடவிட்டால் கதவிடுக்கு வழியே வராந்தாக் காற்றுதான் உள்ளே வரும் என்பதை ஆசிரியர்களுக்கு ஒருமுறைக்கு நான்குமுறை சொல்ல வேண்டியிருந்தது.

கிருமிகளைக் கொல்லும் புற ஊதா விளக்கு பற்றியும் பேச்சு வந்தது. 1937 முதல் 1941 வரை பிலடெல்பியா பகுதிப் பள்ளிகளில் வகுப்பறையின் மேற்பகுதியில் அதைப் பொருத்தி, தட்டம்மைப் பரவலை அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வெல்ஸ் குறைத்துக் காட்டினார். கதிர் பிள்ளைகளின் கண்ணில் படாதவாறு பொருத்திச் சரிபார்க்க எங்களிடம் ஆளில்லாததால் அதை விட்டுவிட்டோம்.

ஃபேன்கள் வந்து ஒரு மழைக்காலம் மட்டுமே கடந்திருக்கிறது. அடுத்த பங்குனியைப் பார்க்காமல் அம்மை குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சாலையோர அறையில் சன்னலைத் திறந்தால் டீசல் புகை வருகிறது. அந்த ஓர் அறைக்குப் பழைய சுத்திகரிப்பானையே புது வடிகட்டியோடு ஒதுக்கி, மாற்ற வேண்டிய தேதியைக் கரும்பலகையின் மூலையில் எழுதிவைத்திருக்கிறோம்.