ஆற்று வண்டலைப் பிடிக்க வாளியா, பைப்பா?

தோல் பதனிடும் கழிவில் வரும் மூவிணைதிறக் குரோமியம் பெரும்பாலும் தண்ணீரில் கரைந்து நிற்பதில்லை. வண்டல் துகளில் ஒட்டிக்கொண்டு ஓடும். பாலாற்று நீரை வடிகட்டித் தெளிந்ததை மட்டும் ஆய்வுக்கு அனுப்பினால், தேடிய சரக்கு வடிதாளிலேயே தங்கிவிடும். (நொய்யலின் சாயக்கழிவு உப்பு இதற்கு நேர்மாறு. அது கரைந்தே வரும், நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் ஒரு இசி மீட்டர் போதும்.)

தானியங்கி மாதிரி எடுப்பான் லட்சக்கணக்கில் செலவு வைக்கும், கரையில் காவலும் கேட்கும். கலங்கல்மானி எவ்வளவு வண்டல் என்று சொல்லுமே தவிர, வண்டலில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. மிச்சம் இரண்டு: வாளியில் மொண்டு வடிகட்டுவது, அல்லது சிறு துளை வழியே நீர் நுழைந்து வண்டல் உள்ளே படியும்படி ஆற்றுக்குள் பைப்பைக் கட்டிவைப்பது. என் கட்சி பைப்தான்.

காரணம் எடை. அமிலத்தில் செரித்து, உலோகம் அளக்கும் ஐசிபி கருவியில் பார்க்க அரை கிராம், சரிபார்க்க இன்னொரு அரை, எக்ஸ்-கதிரால் தனிமங்களை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவிக்கு அழுத்திச் செய்யும் வில்லைக்கு நாலைந்து, துகள் அளவு பார்க்க ஒன்று. ஆக ஏழு கிராம் வேண்டும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் வண்டல் உள்ள ஆற்றில் அதற்கு 140 லிட்டர் மொள்ள வேண்டும். 0.45 மைக்ரான் வடிதாளோ ஓரிரு லிட்டருக்குள் அடைத்துக்கொள்ளும்.

பைப்பின் கணக்கு வேறு. 4 மி.மீ. துளையில் நொடிக்கு 30 செ.மீ. வேகத்தில் நீர் நுழைந்தால் நாளைக்கு 300 லிட்டருக்கு மேல் உள்ளே போகும். உராய்வால் நீர்வரத்து பாதியாகக் குறைந்து, வந்த வண்டலில் மூன்றிலொரு பங்குதான் தங்கினாலும் மூன்று நாளில் ஏழு கிராம் சேர்ந்துவிடும்.

இது 2000இல் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் ஃபிலிப்ஸ், ரஸல், வாலிங் வெளியிட்ட வடிவம். நாலு அங்குல பிவிசி பைப் ஒரு மீட்டர், இரண்டு எண்ட் கேப், முன்பக்கம் ஒரு புனல், நுழையவும் வெளியேறவும் சொட்டுநீர்ப் பாசனக் கடையில் கிடைக்கும் 4 மி.மீ. டியூப். குறுகிய துளையிலிருந்து அகன்ற பைப்புக்குள் வந்ததும் நீரின் வேகம் அறுநூறில் ஒரு பங்காகும், வண்டல் படியும். ஆற்றில் அடித்த இரண்டு கம்பிகளில், மேலிருந்து ஆழத்தின் 60 விழுக்காட்டில், வாய் எதிர்நீரோட்டம் பார்க்கக் கட்ட வேண்டும். முன்னதாக உள்ளே சுத்தமான நீர் நிரப்புங்கள், காற்று இருந்தால் மிதக்கும். துத்தநாகம் அளப்பவர்கள் துத்தநாகம் பூசிய ஜிஐ கம்பியைத் தொடவே வேண்டாம். ஈயம் அளப்பவர்கள் ஈயம் கலக்காத பைப் கேட்டு வாங்குங்கள். சேர்ந்த வண்டலைச் சலிக்க 63 மைக்ரான் நைலான் வலைதான். பித்தளைச் சல்லடை செம்பை ஏற்றிவிடும்.

தொந்தரவு பராமரிப்பில்தான். ஆகாயத்தாமரை வேரும் நத்தையும் துளையை அடைக்கும். அடைத்தது எந்த நாள் என்று தெரியாது, ஆகவே வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். எடுக்கும்போது இரு துளையையும் அடைத்துவிட்டுத் தூக்குங்கள், இல்லையேல் களிமண் வழியிலேயே வடிந்துவிடும். திறந்ததும் அழுகிய முட்டை வாடை அடித்தால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்திருக்கிறது. இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் கரையும்போது அவற்றில் ஒட்டியிருந்த பாஸ்பரசும் நீருக்குப் போய்விடும். மொத்தக் குரோமியத்துக்கு இதனால் பெரிய சேதமில்லை, பாஸ்பரஸ் பகுப்புக்கு அந்த மாதிரி உதவாது. பூச்சிக்கொல்லி எச்சம் பார்ப்பதற்கும் பிவிசியை நான் அவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டேன்.

பைப்பில் சேர்ந்த எடையை வைத்து ஆறு சுமந்த மொத்த வண்டலைக் கணக்கிடவும் கூடாது. தனித்தனியாகப் பிரித்த நுண்துகளைக் கொண்டு ஆய்வகத்தில் சோதித்தபோது 31 முதல் 71 விழுக்காடுதான் தங்கியது. ஆற்றில் துகள்கள் திரண்டு வருவதால் நிலைமை கொஞ்சம் மேல், ஆனாலும் மிக நுண்ணிய களிமண் தப்பும். இரண்டு இடங்களை ஒப்பிடுவதானால், களிமண் கூடக்குறைய இருப்பது கணக்கைக் குழப்பாமலிருக்க, குரோமியத்தை அலுமினியத்தால் வகுத்துப் பாருங்கள்.

வாளி ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: வறண்டு கிடந்த ஆற்றில் வரும் முதல் வெள்ளம். கம்பி நிற்காது, பைப்பும் போய்விடும். லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் வண்டல் வரும் அந்தச் சில மணி நேரத்தில், பாலத்திலிருந்து கயிறு கட்டி மணிக்கொரு ஐந்து லிட்டர் மொண்டாலே வேண்டிய எடை கிடைத்துவிடும்.